மண் பூசிய கூரை

செலினுக்குத் தன் வீட்டுக் கூரையைப் பார்க்கவே பிடிக்காது. களிமண்ணும் சாணியும் சுண்ணாம்பும் குழைத்து, புல்லே தெரியாமல் அப்பியிருந்தது. சேற்றில் புரண்ட எருமை மாதிரி இருக்கிறதென்று ஊரே சிரித்தது.

புருசன் இஞ்ஞாசிமுத்து மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். முந்தின கோடையில் அடுப்புப் பொறி கூரையில் ஏறி, தொட்டிலில் கிடந்த மகள் லூர்து மேரியைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து அந்த மனுசனுக்கு வேறு நினைப்பே இல்லை. கூரை எரியக் கூடாது, அவ்வளவுதான். கொல்லையில் சின்னச் சின்னக் கொட்டகை போட்டு, மண் பூசி, பற்றவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று எரியாமல் நின்றது. அதே கலவையைத்தான் வீட்டுக் கூரைக்கும் பூசினார்.

தெரு முழுக்கப் பூசிப் பார்க்கப் பணம் வேண்டுமே! மதுரையில் சர்க்கார் ஆபீஸ்களுக்கு நடையாய் நடந்தார். கூரைக்கெல்லாம் ஆராய்ச்சியா என்று கேலி பேசி அனுப்பியவர்கள்தான் அதிகம். ஒரே ஒரு அதிகாரி மனம் இரங்கினார். "குடியிருக்கிற வீட்டுல தீ வச்சுக் காட்டும். நின்னுச்சுன்னா பணத்துக்கு நான் பொறுப்பு."

அடுத்தவன் வீட்டில் தீ வைக்க எவன் விடுவான்? தன் வீட்டையே காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

அதிகாரியை அழைத்துவர அவர் வண்டி கட்டிக்கொண்டு தேனி ரயிலடிக்குப் போன பிறகு, செலின் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அவமானமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஒச்சாண்டியைக் கூப்பிட்டாள்.

"மதுரையிலருந்து பெரியவுக வாராக. இந்தக் கோலத்தையா காட்டுறது? புதுப்புல்லு போடுண்ணே."

வருசநாட்டு மலைப்புல்லை மண்ணுக்கு மேலே பரப்பி, கூரை விளிம்பெல்லாம் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கவிட்டார்கள். வீடு பளபளவென்று ஆகிவிட்டது. மண்தான் அடியில் பத்திரமாக இருக்கிறதே என்று நினைத்தாள், பாவி மகள்.

வண்டி வந்தது. இஞ்ஞாசிமுத்து கூரையைப் பார்த்தார். வாசலில் நின்ற செலினைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிறதென்று அதிகாரி அவசரப்படுத்தினார். இவர் பந்தத்தைக் கொளுத்திக் கூரையில் நீட்டினார்.

புதுப்புல் குப்பென்று பிடித்தது. மேலே மண் தாங்கத்தான் செய்தது. ஆனால் தொங்கிய புல் வழியாகத் தீ இறங்கி, மண் பூசாத உள்பக்கம் புகுந்துவிட்டது. ஊரே ஓடிவந்து தண்ணீர் ஊற்றியும் வீடு மிஞ்சவில்லை.

"நல்லாப் பாத்தாச்சு வாத்தியாரே," என்று சொல்லிவிட்டு அதிகாரி வண்டியேறினார். இனி எந்தத் தெருவுக்கும் பணம் வராது.

கரிந்த சுவரோரம் செலின் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எல்லாத்தையும் நாந்தான் கெடுத்தேன். அந்தப் புல்லு..."

"பாத்ததுமே தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சுமா தீ வச்சீக? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன்," என்றார் அவர். "நீ வாசல்ல சிரிச்சுக்கிட்டு நின்ன. மக போன பெறகு இன்னைக்குத்தான் சிரிச்ச."