கிறிஸ்ரினா கால் நனைத்த குளம்

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. யாருடைய வயிறு என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நவரட்ணம் என்று ஒருவரை உண்டாக்கி, ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில், ஓர் அப்பார்ட்மென்டின் ஒன்பதாம் மாடியில் குடியமர்த்தியிருக்கிறேன். பொறாமையை 'அவர்' என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

நவரட்ணம் பதினொரு வருடமாக ஒரே கதையை எழுதுகிறார். இங்கிலாந்தில் பாத் என்று ஒரு நகரம். நிலத்துக்குள்ளிருந்து வெந்நீர் பொங்குகிற இடம். ரோமர்கள் குளம் கட்டிக் குளித்தார்கள். அந்த ஊர் தெருத்தெருவாக அவருக்கு மனப்பாடம். நூலகப் புத்தகங்கள், வரைபடம், மூன்று கொப்பி நிறையக் குறிப்பு. போனதுதான் இல்லை. கதைக்குத் தொடக்கம் மட்டும் பதினாலு இருக்கிறது:

'குளத்திலிருந்து ஆவி எழுந்த அந்தக் காலையில், ரோமானியச் சிப்பாய் ஒருவன்

(சிப்பாய்க்குப் பெயர் கிடைக்கவில்லை. விட்டாயிற்று.)

'பச்சைத் தண்ணீர் எதையோ நினைத்துக்கொண்டு

(தண்ணீர் எதை நினைக்கும்? சீ.)

2

இனிக் கஸ்பர் வருகிறார். நவரட்ணத்தோடு ரெக்ஸ்டேலில் ஒரே பாக்டரியில் பதினெட்டு வருடம் வேலை செய்த சிநேகிதர், மன்னார் ஆள். ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதாத மனிதர். போன கோடையில் லண்டனில் பெறாமகளின் (தமையன் மகள்) கலியாணம். போன இடத்தில், ஒரு பகல், மனைவி கிறிஸ்ரினாவோடு பாத்துக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்து இரண்டே மாதத்தில் புத்தகம்! எண்பது பக்கம். அட்டையில் இருவரும் சிரிக்கிறார்கள்.

நவரட்ணத்தின் மனைவி ஜெயமலர் அவருடைய எந்தக் கதையிலும் மூன்றாம் பக்கம் தாண்டியதில்லை. கஸ்பரின் புத்தகத்தை ஒரே இருப்பில் வாசித்து மூக்கைச் சிந்தினார்.

“இஞ்சருங்கோ, கிறிஸ்ரினான்ர கால் வாற இடம் வாசிச்சனீங்களோ?”

வாசித்தார். இதுதான் அந்த இடம்: 'சீனி வியாதியில் ஏழு வருடமாக மரத்துப்போயிருந்த வலது காலைக் கிறிஸ்ரினா குளத்துக்குள் விட்டாள். கால்விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். பிறகு, சுடுகுதப்பா என்றாள்.'

அட கடவுளே! பதினொரு வருடத்தில் நவரட்ணம் இப்படி ஒரு வரி எழுதவில்லை. அன்றிரவே மூன்று கொப்பியையும் எடுத்துப் புரட்டினார்.

3

ஆனால் பிழை! அந்தப் பழைய குளத்தில் கால் வைக்க யாரையும் விடுவதில்லை. கையால்கூடத் தொடக்கூடாது. பார்க்கலாம், குடிக்க வேறாகக் கொஞ்சம் தருவார்கள்.* போகாத நவரட்ணத்துக்கு இது தெரியும். கஸ்பருடைய புத்தக வெளியீட்டு விழாவில் விமர்சன உரையும் அவருக்குத்தான். கஸ்பரே ஆசையாகக் கேட்டது. நாலு பக்கம் எழுதினார். முதல் மூன்றும் பாராட்டு. நாலாம் பக்கத்தில் கால்.

(எழுதும்போது விசிலடித்தார் என்று போட்டிருந்தேன். வெட்டிவிட்டேன். பாடினார்.)

விழாவுக்கு முதல் நாள் கஸ்பருக்குப் போன் எடுத்தார். உறுதிப்படுத்த என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். மனிதர் தடுமாறுவதைக் கேட்கத்தான்.

“கஸ்பர், அந்தக் குளத்தைத் தொடவே விடமாட்டாங்களே. நீர் எப்பிடி...”

“விடேல்லைத்தான் அண்ணை. அங்க வேலை செய்யிற ஒரு பிள்ளை வந்து மறிச்சுப்போட்டுது.”

“அப்ப ஏன் உந்தப் பொய்?”

“கிறிஸ்ரினாதான் கேட்டவ. திரும்பி வரேக்க, பஸ்ஸில. 'நான் கால் வைச்சனான் எண்டு எழுதுங்கோவன்' எண்டு. எனக்கு எழுத வருமே அண்ணை? அதை எழுதத்தான் மிச்சம் எல்லாத்தையும் எழுதினனான்.”

“சுடுகுது எண்டதும் அவ சொல்லித் தந்ததோ?”

“இல்லை அண்ணை. அது தானா வந்தது.”

தானா வந்ததாம்!

* நாற்பத்துமூன்று தாதுக்கள் உள்ள தண்ணீர். போகாதவனுக்கு எண்ணிக்கையாவது தெரிந்திருக்க வேண்டாமா?

4

இந்த நவரட்ணத்தில் எனக்குச் சந்தேகம் வருகிறது. போனை வைத்த பிறகாவது மனிதர் இளக வேண்டும். இளகவில்லை, இன்னும் எரிந்தது. அவரிடம் இதுவரை ஒருவரும் 'இதை எழுதுங்கோவன்' என்று கேட்டதில்லை. ஜெயமலரும் கேட்டதில்லை. பாத் அல்ல, புத்தகம் அல்ல, இதுதான் எரிந்தது.

சரி, முடிவு. ஒன்று: நாலாம் பக்கத்தை வாசிக்கிறார். உண்மைதானே! இரண்டு: மனம் திருந்திக் கிழித்தெறிகிறார். (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்தான்.) மூன்று: மேடையில்

மூன்றாவதை முடிக்க நேரமில்லை. ஸ்காபரோ மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓம், என் பெயரைத்தான். இனி 'அவர்' எதற்கு? மூன்று பக்கம் வாசித்தாயிற்று. கைதட்டினார்கள். முன்வரிசையில் ஜெயமலர், கைக்குட்டையோடு. பக்கத்தில் கிறிஸ்ரினா. அடுத்தது தன்னுடைய கால் வருகிற இடம் என்று தெரிந்தவர்போல, வலது செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்.

நாலாம் பக்கம் மேலே வந்துவிட்டது. என் வாயை நான் நம்பவில்லை. வாசகரே, இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். மடிப்பதானால் மடித்துச் சட்டைப்பைக்குள் வையுங்கள். வாசிப்பதானால், கிறிஸ்ரினாவின் முகத்தைப் பார்த்து வாசியுங்கள்.