பூஜைக்குச் சுத்தம் செய்த மெயில்

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஒரே ஆள் நான். வீடு ஆத்தூரில். ராசிபுரம் வழியாக தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். போகும்போது தூக்கம், வரும்போது எரிச்சல். தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்தத் தூக்கமும் போய்விட்டது. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருப்பதோ என் மனைவி தேவிப்ரியா ஒருத்தி. தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பே விட்டுப்போய்விட்டது. இப்போது அவள் குனிந்து நிமிர்வதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வாரத்தில் மூன்று நாளாவது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று வைகாசியில் முதலாளி மயில்சாமியிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"புது பேக்கப்பு போடோணும்னு சொல்லிட்டே இருந்தீங்களே தம்பி, அதப் போட்டு உடுங்க. நீங்க வந்து கை வெக்காம தீபாவளி வரைக்கும் அது பாட்டுக்கு ஓடுச்சுன்னா, தாராளமா ஊட்ல இருந்தே பாருங்க."

ஆக, என் மனைவியின் இடுப்பு ஒரு ஹார்ட் டிஸ்க்கின் அளவில் வந்து நின்றது.

பேக்கப் என்றால், எங்கள் மெயில் சர்வரைத் தினமும் ஒரு முறை ஸ்னாப்ஷாட் எடுப்பது. இன்றைக்கு எது எங்கே இருந்ததோ அப்படியே ஒரு பதிவு. அதை ஒரு மாதம் வைத்திருப்போம். மாறாத மெயிலுக்குத் தனியாக இடம் வேண்டாம். மாறியதற்கும் அழித்ததற்கும்தான் வேண்டும். நீங்கள் ஒரு மெயிலை அழித்தால் அது உங்கள் கண்ணிலிருந்துதான் போகும், என் ஸ்னாப்ஷாட்டில் ஒரு மாதம் இருக்கும். குடியிருந்தவர் காலி செய்துவிட்டுச் சாமானை என் அறையில் போட்டுவிட்டுப் போவது போல. அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தால், அதை முப்பதால் பெருக்கி, கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொண்டால் போதும்.

அளந்தேன். ஆனியும் ஆடியும் உட்கார்ந்து அளந்தேன். சராசரியாக நாளுக்கு இருபது ஜிபி. மாதத்துக்கு அறுநூறு. மேலே இன்னும் பாதிக்கு மேல் சேர்த்து ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி, என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி மறுபேச்சில்லாமல் வாங்கித் தந்தார். ஆவணி முழுக்க அது சத்தமில்லாமல் ஓடியது. தேவிப்ரியா எந்தெந்த மூன்று நாள் என்பது வரை முடிவு செய்துவிட்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம் போன் கத்தியது. ஸ்னாப்ஷாட் இடம் நிரம்பப் போகிறதாம். வெளியே லாரிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சர்வர் ரூம் கதவுக்கு யாரோ ஈரம் சொட்டச் சொட்டச் சந்தனம் வைத்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு வாரத்தில் ஐந்நூறு ஜிபிக்கு மேல் ஏறியிருக்கிறது. வைரஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வைரஸ் இல்லை. அழித்திருக்கிறார்கள். எல்லாக் கிளையிலும், எல்லாரும், வருடக்கணக்கான மெயிலை வரிந்து கட்டிக்கொண்டு அழித்திருக்கிறார்கள்.

முதலாளி தன் மேஜையைத் தானே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"மெயிலு எடத்த அடைக்குது, அடைக்குதுன்னு சொல்லுவீங்கல்ல? இந்த வருசம் பூசைக்கு டேபிளு, பீரோ மட்டும் தொடச்சாப் பத்தாது, மெயிலையும் சுத்தம் பண்ணுங்கன்னு புரட்டாசி பொறந்ததும் எல்லார்த்துக்கும் சொல்லிப்போட்டனுங்க. உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்."

பிறந்ததிலிருந்து இந்த ஊர்ப் பக்கம் இருக்கிறேன். பூஜைக்கு ஊரே கூட்டிப் பெருக்கும் என்று தெரியாதா எனக்கு? என் சராசரியில் மட்டும் புரட்டாசி இல்லை. "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. முப்பது நாள் என்பதைப் பத்து நாளாகக் குறைத்தால் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் போய், தேவையான இடம் வந்துவிடும். யாருக்கும் தெரியாது. தீபாவளி வரை அது பாட்டுக்கு ஓடும். நானும் வீட்டில் இருப்பேன். பத்து என்று அடித்தும்விட்டேன். சேமிப்பதுதான் பாக்கி.

அப்போதுதான் லேப் ரிப்போர்ட் பார்க்கிற சௌந்திரம் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. மொதலாளி சொன்ன அன்னைக்கே நாந்தான் மொத ஆளா சுத்தம் பண்ணுனேன். இப்பப் பாத்தா, இந்த வருசத்து ரிப்போர்ட்டு வெச்சிருந்த போல்டரே இல்லீங்க. பூசை முடிஞ்சதும் ஆடிட்டுக்கு வாராங்க. என்னைய ஊட்டுக்கு அனுப்பிருவாங்க சாமி."

முதலாளி சொன்ன அன்றைக்கு என்றால் இரண்டு வாரம் ஆகிறது. பத்து நாளுக்கு அந்தப் பக்கம். திரையில் நான் அடித்த பத்து அப்படியே நின்றது. அந்த நிமிடம் அந்த அம்மாள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. ஒரு காபி குடித்துவிட்டு வந்திருக்கக் கூடாதா?

பத்தை அழித்தேன். பழைய ஸ்னாப்ஷாட்டைத் திறந்து போல்டரை எடுத்து அவர் மெயிலில் வைத்தேன். எல்லா ரிப்போர்ட்டும் இருந்தது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

பிறகு முதலாளியிடம் போனேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். என் கணக்கு தப்பு. ஒரு டெராபைட் போதாது, இரண்டு வேண்டும். பூஜை, வருடக் கணக்கு முடிப்பு எல்லாம் சேர்த்துத்தான் பார்த்திருக்க வேண்டும்.

"ரண்டென்னங்க, மூணா வாங்கிக்கங்க" என்றார். அக்கா எனக்கு முன்பே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மயில்சாமி எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "நீங்க இன்னைக்கு இங்க இல்லாம போயிருந்தா அந்தம்மா கதி என்னாவறது? மிசினு எத்தன வேணும்னாலும் வாங்கலாம் தம்பி. உங்களாட்ட ஆளு பக்கத்துலயே இருக்கோணும். அந்த ஊட்ல இருந்து பாக்கற யோசனைய உட்ருங்க."

அந்த வேலையை வீட்டிலிருந்தும் இதே வேகத்தில் செய்திருக்கலாம் என்று சொன்னேன். அதற்குள் அவர் எனக்கு ஸ்வீட் பாக்ஸ் எடுத்துவரச் சொல்லி வாசல் பக்கம் திரும்பிவிட்டார். ரொம்ப அசதியாக இருந்தது. இன்னொரு முறை சொல்லத் தெம்பில்லை.

ராசிபுரம் தாண்டும்போது தேவிப்ரியா கூப்பிட்டாள்.

"ஏங்க, முதலாளிகிட்ட பேசினீங்களா? என்ன சொன்னாரு?"

"ரொம்பப் பாராட்டினாரு."

அவளுக்குப் பின்னால் அப்பா இருமுவது கேட்டது.

"இருங்க, மாமாவைத் தூக்கி உக்கார வெச்சுட்டுப் பேசறேன்" என்று போனை வைத்தாள்.