வலப்பக்கக் கண்ணாடி

அண்ணை கறுப்பு நாடா ஒட்டினால் அதன் நுனியைச் சின்னதாக மடித்துவிடுவார். பிறகு கழற்றும்போது நகத்தால் சுரண்டத் தேவையில்லையாம். பியர்பொன்ட்ஸில் என் வீட்டுக் குழாய், மேசை விளக்கு, மகள் நிலக்ஷியின் சைக்கிள் எல்லாவற்றிலும் அந்த மடிப்பு இருக்கிறது. கார் வாங்கிய இடத்துப் பணிமனையில் இன்று, பிரித்து வைத்த என் காரின் கதவுக்குள் ஒரு வயரில் அதே மடிப்பைக் கண்டேன்.

"மடாம், பின்பக்க பம்பருக்குள் வலது சென்சரே இல்லை" என்று மெக்கானிக் பிரெஞ்சில் சொன்னார். "காரை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கண்ணாடி விளக்கு எரிகிற மாதிரி யாரோ வயர் போட்டிருக்கிறார்கள். பழுது காட்டும் விளக்கையும் அணைத்திருக்கிறார்கள்."

இவ்வளவும் செய்யத் தெரிந்த மனிதருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

தடம் மாறுவதென்றால் எனக்குப் பயம். பக்கத்துத் தடத்தில், கண்ணாடிக்குத் தெரியாத மூலையில் வாகனம் வந்தால், கண்ணாடி ஓரத்தில் செம்மஞ்சள் விளக்கு எரிந்து எச்சரிக்கும். அதற்காகவே இந்தக் காரை வாங்கினேன். போன பனிக்காலத்தில் யாரோ காரோடு சறுக்கி வந்து வலது பின்மூலையில் இடித்தபோது, "வெளியாக்களிட்டைக் குடுக்காதை, நான் இருக்கிறன் தானே" என்று அண்ணைதான் திருத்த எடுத்துப் போனார். நம்முடைய ஆள் என்றால் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நாற்பதாம் நெடுஞ்சாலையில் வலப்பக்கம் மாறினேன். விளக்கு எரியவில்லை, ஒருவரும் இல்லையென்று நம்பித் திருப்பினேன். லொறியின் ஹோர்ன் காதைக் கிழித்தது. எப்படித் திரும்பவும் என் தடத்துக்கு வந்தேனோ தெரியாது. நிலக்ஷி அந்தப் பக்கச் சீட்டில்தான் இருந்தாள்.

மெக்கானிக் அந்த வயரை அறுத்துவிட்டு, புதுச் சென்சர் வரும்வரை தலையைத் திருப்பிப் பார்த்து ஓட்டச் சொன்னார். நான் நாடாத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே இல்-பிசாருக்கு, அண்ணை வீட்டுக்குப் போனேன்.

கராஜில் வேலை மேசைமேல் அதை வைத்தேன். அவர் எடுத்துப் பார்க்கவேயில்லை.

"சென்சர் உடைஞ்சு போச்சு, பிள்ளை. புதுசு வரச் சுணங்குமெண்டாங்கள். நீ பயந்த சுபாவம். லைட் எரிஞ்சால் தைரியமா ஓடுவாய் எண்டு நினைச்சன்."

"இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் திரும்பிப் பாத்திருப்பன் அண்ணை. நிலக்ஷி அந்தப் பக்கம் இருந்தவள்."

"ஒண்டும் நடக்கேல்லைத் தானே." ஒரு துணியில் கையைத் துடைத்தார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்."

வேறு யாராவது செய்திருந்தால் கத்தியிருப்பேன். காரில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். இடது கண்ணாடியில் மட்டும் விளக்கு எரிந்து அணைந்தது.

வழக்கம்போல அண்ணை எனக்கு முன்பே போய்த் தெருவோரம் நின்றார். அவர் வீட்டு வேலி உயரம்; காரைப் பின்னெடுக்கும்போது தெரு தெரியாது. இத்தனை வருடமும் அவர் கையைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

"வா, வா... ஒருத்தருமில்லை. வா!"

பாதி வழியில் நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி, அவரைத் தாண்டி நடந்துபோய்த் தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். உண்மையிலேயே ஒருவரும் இல்லை. திரும்பியபோது அவர் கை இன்னும் என்னை அழைத்தபடியே பாதியில் நின்றது.