வாசலில் கேட்ட நலம்

இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் என் வேலை குச்சி எண்ணுவது. நாக்கை அழுத்திப் பார்க்க டாக்டர்கள் வைத்திருக்கும் தட்டைக் குச்சிதான். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நோயாளியின் பற்களுக்கு நடுவே நுழைப்பேன். இருபது குச்சி போனால் வாய் ஒழுங்காகத் திறக்கிறது என்று அர்த்தம். எங்களிடம் வருகிறவர்களுக்கு ஒன்றுகூடப் போகாது. பட்டினி கிடக்கும் குழந்தைக்கு அம்மையும் வந்தால், ஒரே வாரத்தில் கன்னத்தைத் தின்றுவிடும் நோய் ஒன்று பாலைவனத்தை ஒட்டிய எங்கள் பக்கத்தில் உண்டு. பிழைத்த பிள்ளைக்குக் கன்னத்தில் ஓட்டையும் பூட்டிக்கொண்ட தாடையும்தான் மிச்சம்.

அந்தத் தாடையைத் திறக்க ஒரு வழி கண்டுபிடித்தவர் எங்கள் பேராசிரியர் மைனசாரா. மார்புத் தோலை ரத்தக்குழாய் அறாமல் மேலே திருப்பி, கன்னம் செய்து வைப்பார். வீட்டுக்குப் போன பிறகும் தினம் ஐந்து தடவை பல்லுக்கு நடுவே குச்சி வைத்துப் பழகாவிட்டால், தாடை மறுபடி பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் படித்து, அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் இந்தப் புழுதிக்குத் திரும்பி வந்த மனிதர். கரண்ட் போனால் என் கைவிளக்கில் தையலை முடிப்பார். கோபக்காரர், ஆனால் தங்கமான கை. அவருடைய கட்டுரைகளை எங்கெங்கோ படிக்கிறார்களாம். நான் படித்ததில்லை. அதில் வரும் எண்கள் மட்டும் நான் எண்ணிக் கொடுத்தவை.

போன வருடம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவரிடம் கேட்டது: ஆபரேஷன் முடிந்து வருஷக்கணக்கில் ஆன பிறகும் வாய் திறந்தே இருக்கிறதா? நூற்று முப்பத்தொரு பேருக்குச் செய்திருந்தோம். ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பினார். நூற்றுப் பதினெட்டு வீடுகளைக் கண்டுபிடித்தேன். அதில் ஒன்பது வீட்டில் ஆளில்லை. மிச்சம் நூற்று ஒன்பது பேர் நலம் என்று எழுதிக் கொடுத்தேன்.

எப்படி எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அந்நிய ஆண் வீட்டுக்குள் போகக் கூடாது. வாசலில் நின்று குரல் கொடுத்தால் வீட்டு ஆண் வெளியே வருவார். நாங்கள் கன்னம் செய்து அனுப்பிய அசபேயின் வீட்டிலும் அப்படித்தான். அவள் புருஷன் இலியாஸு வந்தான். ஆஸ்பத்திரி ஆள் யாராக இருந்தாலும் ஊருக்கு டாக்டர்தான்.

"வாங்க டாக்டரே! வழியெல்லாம் எப்படி?"

"சுகம். வீட்ல எப்படி?"

"நல்ல சுகம்."

"அம்மா? வயக்காடு? வெயில்?"

"எல்லாம் சுகம். ஆண்டவன் புண்ணியம்."

"அசபே?"

"அவளுக்கென்ன, சுகமா இருக்கா."

இது விசாரணை இல்லை, மரியாதை. வீட்டில் பிணம் கிடந்தாலும் முதலில் சுகம் என்றுதான் சொல்வோம். கெட்ட சேதி என்றால், வந்தவரை உட்கார வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறகுதான் வாயைத் திறப்போம். இது எனக்கும் தெரியும், பேராசிரியருக்கும் தெரியும். இரண்டு பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்தானே. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு கிராமம், மண்டையைப் பிளக்கிற வெயில். நான் ஒரு வீட்டிலும் உட்காரவில்லை. நலம் என்று எழுதிக்கொண்டு வண்டியை மிதித்தேன்.

கட்டுரை வெளியானது. பல்கலைக்கழகம் அவருக்குப் பேருரை நாள் குறித்தது. ஒரு பேராசிரியர் வாழ்நாளில் ஒரே தடவை, சிவப்பு அங்கி போட்டு, தன் ஆராய்ச்சி முழுவதையும் ஊர் முன்னால் சொல்கிற நாள் அது. வியாழக்கிழமை.

அதற்கு முந்திய சனிக்கிழமை அசபே வந்தாள். நாத்தனார் கூட இருந்தாள். எட்டு மாத வயிறு. முக்காட்டை விலக்கியதும் நான் குச்சியை எடுத்தேன். இரண்டு போனது. மூன்றாவது போகவில்லை.

"என்னம்மா இது? போகும்போது பதினெட்டு போச்சே!"

"கல்யாணம் ஆயிடுச்சே அண்ணே." பல்லுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "மாமியா முன்னாடி சோறு திங்கவே கூடாது. ஒரு நாளைக்கு அஞ்சு தடவ வாயப் பொளந்து குச்சி வச்சுக்கிட்டு உக்காந்தா என்ன சொல்லுவாங்க? பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன், நீங்க குடுத்த கட்டு அப்படியே இருக்கு."

"நான் வந்தப்போ சொல்லியிருக்கலாமே."

"உள்ளதான் இருந்தேன். உங்க குரல் கேட்டுச்சு. ஒக்காருவீங்க, அவரு சொல்லுவாருன்னு நெனச்சேன். அதுக்குள்ள வண்டிச் சத்தம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் நோட்டில் இன்னும் எத்தனை பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று என் வண்டிச் சத்தத்தைக் கேட்டார்களோ.

பேராசிரியரிடம் ஓடினேன். அவர் வந்து தாடையைத் தொட்டுப் பார்த்தார். தன் கையால் செய்த கன்னத்தை விரலால் ஒரு முறை தடவினார். வெளியே வந்ததும் கேட்டார்.

"எத்தனை?"

"ரெண்டு, சார்."

"ஒரே ஒரு கேஸ்தானே, லாவலி."

"பொம்பளை நர்ஸுங்களக் கூட்டிக்கிட்டு எல்லா வீட்டுக்குள்ளயும் போய்ப் பாக்கணும் சார். நான் எழுதினது அத்தனையும் வாசல்ல கேட்ட பதில்."

"போலாம். வியாழக்கிழமை முடியட்டும்."

மயக்க மருந்து டாக்டர், வாய் மூடியிருக்கிறது, வயிற்றில் பிள்ளை, பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று கை விரித்துவிட்டார். அதில் தப்பில்லை. ஆனால் அதுவரை வார்டில் வைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சினேன். வாந்தி வந்தால் அவளுக்கு வெளியே போக வழி ஏது?

"பேருரைக்கு வர்ற விருந்தாளிங்க புதன்கிழமை வார்டப் பாக்க வர்றாங்க," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "வீட்டுக்கு அனுப்பு. காய்ச்சல், வாந்தின்னா உடனே வரச் சொல்லு."

எனக்குப் புரிந்தது. புரிந்துகொண்டே அவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுத்தேன். யாரைக் குறை சொல்ல?

வியாழன் காலையில் அவரே என்னைக் கூப்பிட்டார். ராத்திரி தூங்காத கண். "போய் அந்தப் பொண்ணப் பாத்துட்டு வா," என்றார். போனேன். இலியாஸு வாசலுக்கு வந்தான்.

"வாங்க டாக்டரே. வழியெல்லாம் எப்படி?"

"சுகம். வீட்ல?"

"சுகம்."

"அசபே?"

"ஆண்டவன் புண்ணியம், சுகம்."

இந்த முறை நான் உட்கார்ந்தேன். அவன் பாய் கொண்டுவந்து போட்டான். கம்பு மாவு கரைத்த மோர் கொடுத்தான். நான் குடிக்கவில்லை. அவன் தொண்டையைச் செருமினான்.

"நேத்து மத்தியானத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம் பண்ணினோம். செவ்வாக்கெழம காய்ச்சல். வாந்தி வந்துச்சு. எங்கம்மா கரண்டி போட்டு நெம்பிப் பாத்தா. பல்லு தொறக்கல." உள்ளே போய்த் துணியில் சுற்றிய குச்சிக்கட்டை எடுத்து வந்தான். "பெட்டியில இருந்துச்சு. உங்க சாமான்."

அழுகை வந்தது. அவன் எதிரில் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி. மண்டபத்து வராந்தாவில் சிவப்பு அங்கியோடு பேராசிரியர் நின்றிருந்தார். சுற்றிலும் பெரிய மனிதர்கள். என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"லாவலி, வழியெல்லாம் எப்படி?"

"சுகம், சார்."

"அலுப்பு?"

"அலுப்பில்ல."

அவர் குரல் இறங்கியது. "அசபே வீட்ல?"

"நல்ல சுகம், சார்."

வேறு என்ன சொல்வேன்? முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். மிச்சம் அதற்குப் பிறகு. நான் தொண்டையைச் செருமினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த குச்சிக்கட்டைப் பார்த்தார். துணி அவிழாத அதே கட்டு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அவர் தன் கையால் எடுத்துக் கொடுப்பது.

"நல்லது," என்றார். "ஆண்டவன் புண்ணியம்." திரும்பி உள்ளே போய்விட்டார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் நன்றாகப் பேசினார், ஒரு இடத்தில்கூடக் குரல் பிசிறவில்லை. திரையில் அந்த எண் வந்தது. "நூற்று ஒன்பது பேர் நலம்," என்று வாசித்தார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்குக் கை ஒழியவில்லை. குச்சிக்கட்டை நாற்காலியில் வைத்துவிட்டு நானும் தட்டினேன்.