கவிழ்த்து வைத்த கப்

நெட்டை, மிளகு என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து மூட்டிய தீயை மூன்றாவது ஆள் ஒருத்தி காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அது மிளகுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நெட்டையை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

தீ என்றால் போனில் எரிகிற தீ. இரண்டு சிநேகிதர்கள் தினமும் தவறாமல் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பிக்கொண்டால் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீயும் ஓர் எண்ணும் வரும். நாளுக்கு ஒன்றாக எண் ஏறும். யாராவது ஒருத்தர் ஒருநாள் மறந்தால் போச்சு, தீ அணைந்து எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எழுத்து கணக்கில் வராது, படம்தான் வேண்டும். அந்தப் படமும் திறந்து பார்த்ததும் மறைந்துவிடும். என்ன படம் என்று யாரும் கேட்பதில்லை. சுவரை எடுத்து அனுப்பலாம், கட்டைவிரலை எடுத்து அனுப்பலாம். வளர்ந்த மனுஷர்கள் இதற்காக உயிரை விடுகிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இவர்கள் விட்டார்கள். எண் நாலு இலக்கத்தைத் தொட்ட அன்றைக்கு மிளகு போன் செய்து அரைமணி நேரம் சிரித்தாள்.

நெட்டைக்கு வேலை ஊசி மருந்துத் தொழிற்சாலையில். மருந்துக் குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். எதிரே பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை. குப்பியை மெல்லச் சுழற்றி இரண்டின் முன்னும் காட்டினால், கறுப்பில் கண்ணாடித் துணுக்கு தெரியும், வெள்ளையில் தூசி தெரியும். கண்ணும் கருத்துமாகச் செய்கிற வேலை, அவளும் அதில் கெட்டிக்காரிதான். உள்ளே போன் கூடாது. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் இரண்டு தடவை தீ அணையப் பார்த்தது. நேரம் முடியப்போகிறது என்று காட்டும் மணற்கடிகாரம் வந்துவிட்டது. மிளகு பிடித்து விளாசிவிட்டாள்.

அதனால் நெட்டை ஒரு காரியம் செய்தாள். தன் பழைய போனில் கணக்கைத் திறந்து அக்கா மகளிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் அந்தப் பெண்ணை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பரீட்சை நேரத்தில் சிநேகிதிகளின் தீயையெல்லாம் வாங்கி வைத்துக் காப்பாற்றுவது அவளுக்குப் பழக்கம். அவர்கள் உலகத்தில் அது தப்பே இல்லை, ஊருக்குப் போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதுபோல.

"தினமும் ஒண்ணு அனுப்பணும், வர்றதைத் திறக்கணும். அவ்ளோதானே சித்தி? விடுங்க, நான் பாத்துக்கறேன்."

நெட்டை விட்டாள். முதலில் ஒரு மாசத்துக்கு என்றுதான் நினைத்தாள். வேலை தலைக்கு மேல் இருந்தது, ஒரு மாசம் பல மாசமாகிவிட்டது. நடுவில் இரண்டொரு தடவை மிளகைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்' என்று பதில் வந்தது. சரி, தீ எரிகிறது, அங்கே நன்றாகத்தான் இருப்பாள் என்று இருந்துவிட்டாள். அந்தத் தீ எதற்குச் சாட்சி என்று அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலை. அக்கா வீட்டுச் சமையலறை மேஜையில் நெட்டை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே வாலு ஒரு கையால் ரொட்டியைத் தின்றபடி இன்னொரு கையால் வரிசையாகத் தீக்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு ஒரு படம், ரொட்டிக்கு ஒரு படம்.

"இது உங்காளு, சித்தி."

நெட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு வெள்ளைக் கூரை. ஓரத்தில் மின்விசிறியின் ஒரு இறக்கை. வாலு தட்டினாள், மறைந்துவிட்டது.

"என்னடி, கூரையை அனுப்பறா?"

"இப்ப கொஞ்ச நாளாத்தான் இது. தினமும் இதே கூரை, இதே மூலை. முன்னாடி கப்பு அனுப்புவாங்க."

"என்ன கப்பு?"

"நீலக் கப்பு. ஜன்னல்ல கவுத்து வெச்சிருப்பாங்க. தினமும் அதேதான். செம போர்."

நெட்டையின் கையிலிருந்த பூண்டுப்பல் கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

நீலக் கப்பின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இருவரும் முதல் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு தொழிலாளர் விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள். விடுதிக் காவலர் ஒருவர் இருந்தார். குழாய் ஒழுகுகிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் சாக்கில், ஒருத்தி தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார். சத்தம் போட்டால் வேலை போய்விடும். அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். விடுதி கொடுத்த நீல எனாமல் கப்பை ஜன்னலில் கவிழ்த்து வைத்தால், உடனே வா, ஆட்களோடு வா, ஏன் என்று கேட்காதே என்று அர்த்தம். வந்தவள் தன் கப்பையும் பக்கத்தில் 'டக்' என்று கவிழ்த்து வைப்பாள். நான் வந்துவிட்டேன் என்று அர்த்தம். வேலையை விட்டுக் கிளம்பியபோது ஆளுக்கொரு கப்பைப் பெட்டியில் ஒளித்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்த ஒரே திருட்டு அதுதான்.

"எத்தனை நாள்டி அனுப்பினா?"

"நிறைய நாள் சித்தி. ஞாபகமில்ல."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"கப்புதானே சித்தி. எல்லாரும் இப்படித்தான் எதையாவது அனுப்புவாங்க. யாரும் பாக்க மாட்டாங்க. தட்டிட்டுப் போயிட்டே இருப்போம்."

அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. படத்தைப் பார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. தீயைப் பார் என்றுதான் சொன்னார்கள்.

"கப்புக்கு நீ என்ன அனுப்பின?"

வாலு ரொட்டியைத் தட்டில் வைத்தாள். சித்தியின் முகம் பேயறைந்ததுபோல் இருந்ததைப் பார்த்து அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது.

"எதையாவது. செவுரு. என் செருப்பு. ஒருநாள் மேல எழுதிக்கூட அனுப்பினேன். உங்க மாதிரியே கிண்டலா."

"என்ன எழுதின?"

"'வீட்ல வேற பொருளே இல்லையா'ன்னு." அவள் குரல் இறங்கியது. "அதுக்கப்புறம்தான் சித்தி கூரை வர ஆரம்பிச்சது."

நெட்டை மிளகின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். அவள் கல்யாணமாகிப் போன ஊரில், புருஷன் போனைத் துழாவுகிற வீடாக இருக்க வேண்டும். எழுதினால் தடயம் நிற்கும், பேசினால் காதில் விழும். மறைந்துபோகிற படம் ஒன்றுதான் வழி. அவன் எட்டிப் பார்த்தாலும் அது வெறும் கப். அதை நம்பி மிளகு தினமும் ஜன்னலில் கப்பைக் கவிழ்த்திருக்கிறாள். நெட்டை பார்த்துவிட்டாள் என்று போன் அவளுக்குக் காட்டியிருக்கிறது. பார்த்துவிட்டு நெட்டை செருப்பைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

நாள் முழுக்க அடுத்தவர்களின் மருந்தில் தூசி தேடியவள் இவள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பை வார்த்தையில் சொல்லி முடியாது.

தன் வீட்டுக்குப் போய் அலமாரியின் அடியிலிருந்து நீலக் கப்பை எடுத்து வந்தாள். விளிம்பில் எனாமல் உதிர்ந்து கருத்துப்போன அதே கப். மேஜைமேல் கவிழ்த்து வைத்து, வாலுவிடமிருந்த போனில் படம் எடுத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாகத் தன் கையால் அனுப்பினாள். மிளகு பார்த்தால் போதும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே அந்தக் கப்பைச் சொல்லிவிடுவாள்.

உடனே பதில் வந்தது. காத்திருந்து அனுப்பியதுபோல் அவ்வளவு சீக்கிரம். அதே வெள்ளைக் கூரை, அதே இறக்கை. குறுக்கே ஒரு வரி: 'அழகா இருக்கே கப்! புதுசா?'

தீக்குப் பக்கத்தில் எண் ஒன்று ஏறியது.

"இது மிளகு இல்ல" என்றாள் நெட்டை.

மிளகின் புருஷனை அவளுக்குத் தெரியும். ஜன்னல் திரை விற்று மாட்டிக்கொடுக்கிற தொழில். சிரித்த முகம், வாய் நிறைய 'சிஸ்டர்'. கல்யாணத்தன்று நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு, 'இனிமே அவளைப் பத்திக் கவலையே படாதீங்க' என்றான். அன்றைக்கு அது அன்பான பேச்சாகத்தான் பட்டது.

அக்கா புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நெட்டை பாதிதான் சொன்னாள். அவர் மீதியைக் கேட்காமல் சாவியை எடுத்துவிட்டார். வேனில் போகும்போதே அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் பேசினாள். கவிழ்த்து வைத்த கப்பைப் பற்றி ஒரு போலீஸ்காரரிடம் விளக்குவது லேசான காரியமில்லை. அவர் இரண்டு தடவை "கப்பா?" என்று கேட்டார். கடைசியில் முகவரியை வாங்கிக்கொண்டு, வண்டி வந்தால் அனுப்பி வைக்கிறேன் என்றார்.

கிளம்பும்போது வாலு வாசலில் அழுதுகொண்டு நின்றாள். "இனிமே நான் எதுவும் அனுப்ப மாட்டேன் சித்தி."

"அனுப்பணும். சிரிச்சுக்கிட்டே அனுப்பணும். நான் கிளம்பினது அவனுக்குத் தெரியக்கூடாது. நின்னுபோச்சுன்னா அவன் உஷாராயிடுவான். நான் போய்ச் சேர்ற வரைக்கும் அப்பப்ப ஒண்ணு போடு."

சொல்லும்போதே அவளுக்கு உடம்பு கூசியது. இத்தனை நாளும் அவன் செய்ததும் இதுதானே.

வழியெல்லாம் நெட்டை மடியில் கப்பை வைத்துக்கொண்டு, இருக்கிறாளா, இருக்கிறாளா என்று அதே கேள்வியை அரைத்துக்கொண்டிருந்தாள். கேள்வியின் மறுபாதியை நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நடுப்பகலில் போய்ச் சேர்ந்தார்கள். அமைதியான தெரு. பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். மிளகின் வீட்டில் எல்லா ஜன்னலிலும் திரை, நல்ல கனமான துணி, ஒரு நூல் இடைவெளி இல்லாமல். போலீஸ் வண்டி இன்னும் வரவில்லை. காத்திருக்க நெட்டையால் முடியவில்லை. மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தவன் ஒரு கணம் அவளை வெறித்தான். உடனே முகம் முழுக்கச் சிரிப்பு.

"அடடே, சிஸ்டர். என்ன இவ்ளோ தூரம், சொல்லாம கொள்ளாம?"

"இந்தப் பக்கம் ஒரு வேலை. மிளகு எங்க?"

"அவ கூட வேலை செய்றவங்களோட டூர் போயிருக்கா. வர ஒரு வாரம் ஆகும். உங்ககிட்ட சொல்லலையா? நீங்கதான் தெனமும் தொடர்புல இருக்கீங்களே."

"போன் எடுத்துட்டுத்தான் போயிருக்காளா?"

"பின்ன? அது இல்லாம அவ இருப்பாளா?"

அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுடைய போன் உள்ளே மேஜைமேல் சார்ஜில் கிடந்தது, நெட்டைக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. அப்போது அவன் சட்டைப் பையில் ஏதோ ஒன்று 'டிங்' என்றது. துணிக்குள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது. அங்கே வாலு, சித்தி சொன்னதைச் செய்துவிட்டாள்.

அவன் பையை உள்ளங்கையால் அமுக்கினான். வெளிச்சம் அணைகிற வரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நெட்டை தன் தோள்பையிலிருந்து நீலக் கப்பை எடுத்தாள். குனிந்து, வாசற்படியில் அதைக் கவிழ்த்து ஓங்கி வைத்தாள். 'டக்' என்று வீடு முழுக்கக் கேட்டது.

"என்ன சிஸ்டர் இது?" என்றான் அவன். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. தாமதமாக வந்துவிட்டேன், மிளகு, தாமதமாக வந்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுபடி கப்பைத் தூக்கி மறுபடி வைத்தாள்.

வீட்டின் கடைசியில், மூடின கதவு ஒன்றுக்குப் பின்னாலிருந்து, தரையில் எனாமலின் விளிம்பு படும் சத்தம் வந்தது. பலமில்லாத கையால் வைத்தது. ஆனால் விடுதியில் எத்தனையோ தடவை கேட்ட அதே 'டக்'.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கதவைச் சாத்தக் கையை நீட்டினான். அதற்குள் அக்கா புருஷன் படியேறி வந்து கதவில் தோளைக் கொடுத்துவிட்டார். நெட்டை செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனாள்.