இரண்டாவது மாடியில் இருப்பவர்

1

ஒளித்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். லாய் பெய்யுன் என்னிடம் கதை கேட்கவில்லை. ஒரே ஒரு வரிதான் கேட்டாள். "நீதான் எழுதறவனாச்சே, எனக்கு ஒரு வரி எழுதிக் குடேன்" என்றாள். அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கதை வந்திருக்கிறது. தண்ணீர் கேட்டவருக்குக் கிணறு வெட்டக் கிளம்புகிற புத்தி, எழுதுகிற எங்களுக்கு.

எங்கள் ஊரான பூலியில், பஸ் நிலையத்துக்கு எதிரே பெய்யுன் அக்காவின் காலைச் சிற்றுண்டிக் கடை இருக்கிறது. முட்டை ரொட்டி, முள்ளங்கி அப்பம், சோயாப் பால். வருகிற ஆண்களெல்லாம் அவளுக்கு "அழகா", பெண்களெல்லாம் "அழகி". எங்கள் ஊர்ச் சிற்றுண்டிக் கடைகளில் இதுதான் வழக்கம், யாரும் இதை நம்பிவிடுவதில்லை. எனக்கு முன்வழுக்கை விழுந்து பல காலம் ஆயிற்று. நானும் அழகன்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைமேல் அன்று பனி இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் தன் ஊன்றுகோலை—

(வேண்டாம். நான் அந்த மலைக்குப் போனதே இல்லை. முழங்கால் விடாது. போகாத மலையில் பனியை இறக்குவது சுலபம், அதனாலேயே வேண்டாம்.)

பிறகு இப்படி:

சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது என்பதை நாம்—

(பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசுகிற மாதிரி இருக்கிறது. இதுவும் வேண்டாம்.)

நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

2

மலையேறுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பேச்சுப் பலகை உண்டு. அதில் ஒரு பேச்சைத் தொடங்குகிறவர் கட்டடக்காரர், முதல் மாடி அவருடையது. அதற்கு வரும் ஒவ்வொரு பதிலும் அடுத்தடுத்த மாடி. கேட்டதை விட்டுவிட்டு வேறு எதையாவது பேசி இழுத்துக்கொண்டு போனால் அது கட்டடத்தைச் சாய்ப்பது. எங்கள் ஆட்கள் அதில் மன்னர்கள். பாதையைப் பற்றிக் கேட்டால் ஐந்தாவது மாடியில் நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும். எப்போதோ அடங்கிப்போன பேச்சுக்குக் கீழே பதில் எழுதினால் மட்டும் ஏச்சு விழும். அதற்குப் பெயர் கல்லறை தோண்டுவது. புதுப் பதில் ஒன்று விழுந்தால் போதும், பழைய பேச்சு பட்டியலின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பல வருஷங்களுக்கு முன் ஒருவர் கேட்டிருந்தார்: வெண்கல் ஓடைப் பாதையில் போகலாமா?

அக்கா அதற்கு முந்தின வாரம்தான் போய்வந்திருந்தாள். அப்போது கால்கள் நன்றாக இருந்தன. கடைக்கு விடுமுறை விடுகிற நாளில் மலைக்குப் போய்விடுவாள். இரண்டாவது மாடியில் எழுதினாள்: "போகலாம். இறக்கத்துல கயிறு கட்டியிருக்கு. பயப்படவே வேண்டாம்."

மூன்றாவது மாடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நன்றி சொல்லி, ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்றார். போய்வந்து படமும் போட்டார். பாதை தொடங்குமிடத்தில் ஒரு மஞ்சள் நாய், ஒரு காது மடங்கியது, கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அத்துடன் பேச்சு அடங்கியது.

பிறகு வந்த ஒரு புயலில் அந்தச் சரிவே ஓடைக்குள் இறங்கிவிட்டது. பாதை, கயிறு எல்லாம் போயிற்று. பலகையில் அதைப் பற்றி வேறு பேச்சுகள் இருந்தன. இந்தப் பேச்சில் யாரும் எழுதவில்லை. தூங்குகிற பேச்சை எழுப்பக் கூடாதல்லவா?

போன இலையுதிர் காலத்தில் 'சோற்றுருண்டை' என்ற பெயரில் ஒருவன் வந்தான். பழைய பேச்சின் கீழே கேட்டான்: "அந்த நாய் இன்னும் இருக்கா?"*

பேச்சு உச்சிக்கு வந்தது. கல்லறை தோண்டிவிட்டான் என்று இரண்டு பேர் திட்டினார்கள். அப்புறம் அவர்களே தங்கள் நாய்களின் படத்தைப் போட்டார்கள். ஒரு வாரம் முழுக்க நாய்தான். கட்டடம் நன்றாகச் சாய்ந்தது. ஆனால் தலைப்பு மாறவில்லை, போகலாமா? அதன் கீழே முதல் பதில், போகலாம். தேதி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக இருக்கும். கைப்பேசியில் பார்த்தால், தொட்டால்தான் தெரியும்.

தைச்சுங் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தெங் வென்ஹாவ் அதைத் தொடவில்லை.

தனியாகப் போனார். தேடிப் போனவர்கள் அவரைச் சரிவுக்குக் கீழே கண்டார்கள். கைப்பேசி உடையாமல் இருந்தது. அதில் அந்த இரண்டாவது மாடியை மட்டும் படமெடுத்துச் சேமித்திருந்தார். மேலே சிக்னல் கிடைக்காது என்று எடுத்துவைத்திருப்பார். கவனமான மனிதர்.

செய்தி தெரிந்ததும் நாய்ப் படங்களுக்குக் கீழே ஊதுபத்திப் படங்கள் வரிசையாக ஏறின. போய்வாருங்கள் அண்ணா, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் கீழே, அன்றுதான் பலகையில் சேர்ந்த ஒருவர் ஒரு வரி எழுதினார். தெங் வென்ஹாவின் மனைவி சூமேய்.

"இரண்டாவது மாடியில் இருப்பவர் யார்?"

அதற்குமேல் யாரும் எழுத முடியாதபடி நிர்வாகி பேச்சைப் பூட்டிவிட்டார்.

* சோற்றுருண்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே அவன்மேல் பாய வேண்டாம். நான் பாய்ந்து பார்த்துவிட்டேன்.

3

கதை என்றால் குற்றவாளி வேண்டும் என்று நினைத்தேன். சோற்றுருண்டையை வெட்டிப்பயலாக ஒரு பக்கம் எழுதினேன். படுத்துக்கொண்டே சிப்ஸ் தின்பான், எல்லோரையும் சீண்டுவான். நன்றாக வந்திருந்தது. அப்புறம் அவன் பலகையில் எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தேன். அந்த மாதம் அவன் நாய் செத்துப்போயிருந்தது. மஞ்சள் நிறம், ஒரு காது மடங்கியது. அதே மாதிரி நாய்களாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அவன் அதற்குப் பிறகு பலகைக்கு வரவேயில்லை.

நிர்வாகியையாவது கெட்டவனாக்கலாம் என்று பார்த்தேன். தன் பலகைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று பூட்டினான் என்று எழுதினால் வாசகர்கள் உடனே நம்புவார்கள். ஆனால் சூ குவான்லின் என்ற அந்த மனிதனை எனக்குத் தெரியும். டயர் கடையில் வேலை பார்க்கிறான். சம்பளமில்லாமல் பலகையைக் கட்டிக் காக்கிறான். பூட்டாமல் விட்டிருந்தால் அந்தம்மாவின் கேள்விக்குக் கீழே எவனாவது அக்காவின் பெயரையும் கடையையும் தோண்டிப் போட்டிருப்பான் என்றான். அதுவும் சரிதான்.

குற்றவாளி கிடைக்காமல் கதை படுத்துக்கொண்டது. அக்காவோ தினமும் மாவைக் கல்லில் ஊற்றிவிட்டு என்னைப் பார்ப்பாள். எழுதினாயா என்று வாயால் கேட்க மாட்டாள்.

5

(நான்காம் மாடி கிடையாது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளைப் போலத்தான் இந்தக் கதையும். எங்கள் மொழியில் நாலு என்றால் சாவு என்பதுபோல் காதில் விழும், ஆகாத எண். இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் போயிருக்கிறார்.)

ஒருநாள் கடை மூடுகிற நேரத்தில் குவான்லின் வந்தான். நான் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் சோயாப் பாலைக் கலக்கினான்.

"அக்கா, நான் ஒண்ணு செய்யறேன். உங்க பதிலை அழிச்சிடறேன்."

அக்கா சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"யாருக்கும் தெரியாது. நீங்க எழுதினப்போ நல்ல பாதைதான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எதுக்கு அது அங்க நிக்கணும்?"

"அழிச்சா அந்த இடம் காலியா இருக்குமா?"

"காலியா இருக்காது. நம்ம பலகை பழசு. கீழ இருக்கற மாடியெல்லாம் ஒண்ணு ஒண்ணா இறங்கிடும்."

அக்கா சுரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ வாத்தியார் ரெண்டாவது மாடிக்கு வந்துடுவாரு."

குவான்லின் கலக்குவதை நிறுத்தினான். அவனுக்கு அது தோன்றியிருக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அந்தம்மா கேட்டது அப்படியே கீழ இருக்கும். ரெண்டாவது மாடியில இருக்கறது யாருன்னு. நன்றி சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை போன மனுஷன், பாவம், அவர் போய் நிக்கணுமா? வேண்டாம்பா. அது என் மாடி."

அப்புறம் அவனுக்கு ஒரு முள்ளங்கி அப்பம் வைத்தாள். பூட்டைத் திற, நான் பதில் எழுதணும் என்றாள். அவன் வேண்டாம் அக்கா என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். அப்பத்தைத் தின்று முடித்ததும் சரி என்றான். நீங்கள் எழுதுகிறபோது சொல்லுங்கள், திறக்கிறேன், எழுதியதும் பூட்டிவிடுகிறேன், அந்தம்மா மட்டும் எழுத வழி வைக்கிறேன் என்றான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். ஒரு வரி கேட்டது அப்போதுதான்.

6

அடுத்த சில நாட்களில் நான் அவளிடம் கொடுத்தவை:

"உங்கள் துயரத்துக்கு எந்த வார்த்தையும் ஈடாகாது என்பதை—"

"அம்மா, காலம் எழுதிய பதிலைக் காலமே—"

"இரண்டாவது மாடியில் இருப்பவள் நான்தான். நான் எழுதிய அன்று பாதை இருந்தது."

முதல் இரண்டையும் பார்த்து, "இது கல்யாண வாழ்த்து அட்டையா, கருமாதி அட்டையா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. மூன்றாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இது உண்மைதான்" என்றாள். "அன்னிக்குப் பாதை இருந்துச்சு. ஆனா அவங்களுக்கு அது எதுக்கு? அது எனக்குத்தானே வேணும்?"

வீட்டுக்குப் போய், வரியை விட்டுவிட்டுக் கதையின் முடிவுகளை எழுத ஆரம்பித்தேன். கஷ்டமானதைத் தள்ளிப்போட எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஒரு முடிவில் சூமேய் "உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை" என்று எழுதுகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை. அவள் சார்பில் மன்னிக்க எனக்கு யார் அனுமதி கொடுத்தது?

இன்னொரு முடிவில் சூமேய் யாரென்று தெரியாமலேயே கடைக்கு வருகிறாள். அக்கா அவளை "அழகி" என்று கூப்பிட்டு முட்டை ரொட்டி கொடுக்கிறாள். இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது, வாசகருக்கு மட்டும் தெரியும். சினிமா. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன்.

வேறொன்றில் அக்கா எதுவுமே எழுதுவதில்லை. அப்படி நடந்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை இருந்தது. அவளை அந்தக் கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

7

ஆனால் அக்கா எழுதினாள். மறுநாள் காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு, கல்லாப்பெட்டி அருகே நின்றபடியே எழுதினாள். அனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினாள்.

"இரண்டாவது மாடி நான்தான். என் பெயர் லாய் பெய்யுன். பூலி பஸ் நிலையத்துக்கு எதிரே காலைக் கடை. காலையில் நான் எப்போதும் இருப்பேன். வெண்கல் ஓடையில் பாதை இல்லை. யாரும் போக வேண்டாம்."

எனக்குப் பதறிவிட்டது. பலகையில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. பல வருஷமாகச் சேர்ந்து மலையேறுகிறவர்களே ஒருவரையொருவர் சோற்றுருண்டை, தகரக்குவளை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரும் ஊரும் கடையும் போட்டு எழுதுகிற பைத்தியம் யார்?

"ஏன்க்கா இப்படி? யார் யாரோ வந்து கத்துவாங்களே."

"யாருன்னுதானே அவங்க கேட்டாங்க" என்றாள். "யாருன்னு கேட்டா பேரைத்தானே சொல்லணும்?"

இவ்வளவு எளிதான விஷயம் எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்து இன்றும் வருத்தப்படுகிறேன். கேள்வி அங்கேயே இருந்தது. நான் அதற்குப் பதில் எழுதப் பார்க்கவேயில்லை. வேறு எதற்கோ எழுதிக்கொண்டிருந்தேன்.

குவான்லின் பயந்த மாதிரியோ நான் பயந்த மாதிரியோ யாரும் கத்த வரவில்லை. ஒருநாள் வாத்தியார் வந்தார். நரைத்துவிட்டார். சோயாப் பால் குடித்துவிட்டுப் போனார்.

8

பலகையில் கடைசி மாடி அக்காவுடையது. அதற்கு அடுத்தது சூமேய்க்கு மட்டும் திறந்திருக்கிறது. அதை நான் கட்ட மாட்டேன். நீங்கள் மனசுக்குள் கட்டிக்கொண்டால் தடுக்கவும் மாட்டேன்.

கடையில் ஒன்று மாறியிருக்கிறது. முன்பின் தெரியாத பெண் யாராவது தனியாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் அக்காவின் வாயில் "அழகி" வருவதில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறாள். கையைத் துடைத்துக்கொண்டு, வந்தவள் முதலில் பேசட்டும் என்று நிற்கிறாள். வந்தவள் முட்டை ரொட்டி ஒன்று, காரம் வேண்டாம் என்கிறாள். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வருகிறது. அந்த மூச்சு நிம்மதியா ஏமாற்றமா என்று பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் காலையில் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை.

நான் அழித்த அந்தச் சினிமா முடிவு இப்போது எந்தக் காலையிலும் நடக்கலாம். ஒரே வித்தியாசம், இந்த முறை இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

இதை நீங்கள் எந்த வருஷம் படிக்கிறீர்களோ. சூமேய் அதற்குள் வந்துவிட்டுப் போயிருக்கலாம். அக்கா கடையை மூடியிருக்கலாம். பூலி பக்கம் வருகிறவர்கள் யாராவது இந்தக் கதையின் கீழே, அந்தக் கடை இன்னும் இருக்கிறதா, போகலாமா என்று கேட்டால், மன்னியுங்கள். இன்று காலை இருந்தது, நான் சாப்பிட்டேன். அதற்குமேல் நான் எதுவும் எழுத மாட்டேன்.