இரண்டு நொடிக்குள்

நாய்க்குட்டி வாசல் வேப்பமரத்தடியில் ஒன்றுக்குப் போனது. என் வீட்டுக்காரர் கைதட்டினார். “குட் பாய்! சூப்பர் பாய்!” என்று குழைந்து, இடுப்பில் கட்டியிருந்த பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் வாயில் வைத்தார். எதற்கு? மூத்திரம் பெய்ததற்கு.

சிவசங்கர் என்கிற இந்த மனிதர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். எனக்குத் தாலி கட்டிக் காட்டூருக்குக் கூட்டிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமாக நான் ஆக்கிப் போட்ட சாப்பாட்டைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல், “உப்பு பத்தலை.” சரியாக இருந்த நாளில் ஒன்றும் சொல்லமாட்டார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார். ஒரே ஒரு தரம் ‘நல்லாருக்கு சுபா’ என்று இவர் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆசை.

இந்த லட்சணத்தில் மன்னார்புரத்தில் வாராவாரம் நாய் வகுப்பு வேறு. நாய்க்கு இல்லை, இவருக்கு. ஹரிஹரசுதன் என்று ஒருவர் நடத்துகிறார். அவரிடம் கேட்டு வந்ததை இவர் எனக்கு ஒப்பித்தார்.

“அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. சரியா செஞ்சா உடனே பாராட்டணும். ரெண்டு செகண்டுக்குள்ள. லேட்டானா எதுக்குப் பாராட்டுறோம்னே அதுக்குப் புரியாது, சுபா.”

“அப்படிங்களா? இருபத்திரெண்டு வருஷம் லேட்டானா என்னங்க ஆகும்?”

காதில் விழவில்லை. கிளிக்கரை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பொத்தான் அது. அமுக்கினால் ‘டிக்’கென்று சத்தம் வரும். சத்தம் கேட்டால் பிஸ்கட் வரும் என்று நாய் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் “சீசர், கம்!” என்பார். சீசர் செருப்பைக் கடித்துக்கொண்டே இவரை ஒரு பார்வை பார்க்கும். குழைவார், கெஞ்சுவார், மண்டி போடுவார். தொழிற்சாலையில் இவரைக் கண்டு நடுங்குகிறவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

பகலில் சீசர் என்ன படிக்கிறது என்பது இவருக்குத் தெரியாது. தினம் பன்னிரண்டு மணிக்குச் சாதம் வடித்து, பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து “கா... கா...” என்று கூப்பிடுவேன். காக்காய்க்கு வைக்காமல் நான் சாப்பிடுவதில்லை. குட்டியும் கூடவே படியேறி வரும். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? அதற்கும் ஒரு உருண்டை. கைதட்டலும் கிடையாது, டிக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட அந்த நேரத்தில் இவர் டிவி முன்னால்தான் கிடப்பார்.

போன சனிக்கிழமை, ஹாலில் இரண்டு தடவை கூப்பிட்டதற்குக் குட்டி வந்துவிட்டது. அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு அடுத்த வீட்டுத் தாயுமானவனை வாசலில் நிறுத்தினார். “சார், இன்னைக்குக் கயிறே இல்லாம காட்டுறேன், பாருங்க.” காக்காய்ச் சோறு பிசைந்துகொண்டிருந்த என்னையும் வரச் சொன்னார். வித்தை காட்டுகிறவருக்குக் கூட்டம் வேண்டுமே. கிண்ணத்தோடு போய் நின்றேன்.

“ஏங்க, நாலு வீடு தாண்டினா மெயின் ரோடு. வேண்டாங்க.”

“உனக்கு என்ன தெரியும்?” என்று கயிற்றைக் கழற்றினார்.

தெருமுனையில் ஒரு வெள்ளாடு போனது. சீசர் அதன் பின்னால் பறந்தது. ஆடு சமர்த்தாக ஓரம் ஒதுங்கிக்கொண்டது. குட்டி தஞ்சாவூர் ரோட்டின் நடுவில் போய் நின்றது. நாங்கள் முனைக்கு ஓடுவதற்குள் ஒரு பஸ் அதை உரசிக்கொண்டு போய்விட்டது. குட்டி நடுங்கிப்போய் அங்கேயே படுத்துவிட்டது.

“சீசர், கம்! குட் பாய், கம்!” டிக். டிக். டிக்.

தூரத்தில் மணல் லாரி வருகிறது. இவர் ரோட்டோரம் நின்று பொத்தானை அமுக்குகிறார். திமிர் பிடித்த மனுஷன், ஒரு உயிரைக் கொண்டுபோய் நடுரோட்டில் விட்டுவிட்டு அதைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்!

கிண்ணத்தை உயரத் தூக்கித் தொண்டை கிழியக் கத்தினேன். “கா! கா! கா!”

சீசரின் காது நிமிர்ந்தது. எழுந்து ஒரே ஓட்டம். லாரி வந்து சேர்வதற்குள் என் காலடிக்கு வந்துவிட்டது. குனிந்து கிண்ணத்தைக் கீழே வைத்தேன். மேலே கரண்ட் கம்பியில் ஏழெட்டுக் காக்காய்களும் வந்து உட்கார்ந்திருந்தன.

“நீங்க இல்லேன்னா போயிருக்கும்ங்க,” என்றார் தாயுமானவன்.

இவர் பாய்ந்து வந்து குட்டியை அள்ளினார். டிக். “குட் பாய்! என் செல்லம்!” ஒரு பிஸ்கட். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு.

“காக்காச் சோத்தப் போட்டு நாயக் கெடுத்து வச்சிருக்க. ஒரு மாச ட்ரெய்னிங் பாழாப் போச்சு.”

இவர் இடுப்புப் பைக்குள் கையை விட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். தாயுமானவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக மென்று விழுங்கினேன்.

“உப்பு பத்தலை,” என்றேன்.